இடது கை எனக்கு, வலது கை அவருக்கு

போன வாரம் ரவிக்கை வாங்கத் தையற்கடைக்குப் போயிருந்தேன். நாலு மணிக்குத் தயாராக இருக்கும் என்று சொன்னவர், நாலு மணிக்கு என் துணியைத் தேடிக்கொண்டிருந்தார். இதற்கெல்லாம் கோபப்படுகிற வயது எனக்கு எப்போதோ முடிந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் மெஷினைச் சாய்த்து வைத்து, மூக்கு நீண்ட ஒரு சின்ன டப்பாவால் உள்ளே இரண்டு மூன்று இடங்களில் எண்ணெய் விட்டார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் ரவிக்கை மறந்துவிட்டது. வீட்டில் ஊறப்போட்டிருந்த அரிசியும் மறந்துவிட்டது.

மெஷின் எண்ணெய்க்கு என்ன பெரிய வாசனை என்று கேட்பீர்கள். பதினெட்டு வருஷம் அந்த வாசனையில் சோறு தின்றவள் நான். திருத்துறைப்பூண்டியில் ஓர் உரக்கடைக்கு மேலே மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினேன். இங்கிலீஷ் மெஷின் நாலு, தமிழ் மெஷின் இரண்டு. கீழேயிருந்து யூரியா நெடி வரும். மேலே மெஷின் எண்ணெய், கார்பன் பேப்பர், ரிப்பன் மை. வீட்டுக்குப் போய் எத்தனை முறை கையைக் கழுவினாலும் என் விரல் நுனிகளில் அந்த மூன்றும் கலந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பூ தொடுத்தால் மல்லிகையில்கூட ஒரு ஆபீஸ் வாசனை அடிக்கும்.

ஆனால் அன்றைக்குத் தையற்கடையில் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது டைப்ரைட்டர் இல்லை. எண்ணெய் விட்டு நான் கெடுத்த ஒரு பேஞ்சோ.

பேஞ்சோ என்றதும் வட்டமாகத் தோல் கட்டி, கழுத்தில் மாட்டி வாசிக்கிற வெள்ளைக்காரர் வாத்தியத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கத்துப் பேஞ்சோ வேறு. நீளமான மரப்பெட்டி, அதன்மேல் கம்பிகள், கம்பிகளுக்கு மேலே வட்ட வட்டமாகக் கட்டைகள். இடது கையால் கட்டையை அமுக்க வேண்டும், வலது கையால் ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்துக் கம்பியை மீட்ட வேண்டும். கடைக்காரர்கள் புல்புல்தாரா என்பார்கள். கல்யாண வீட்டுக் கச்சேரிகளில் பார்த்திருப்பீர்கள். என் வீட்டுக்காரர் அதை ஷார்ஜாவிலிருந்து ஒரு துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார்.

அவர் வந்த கதையைச் சொல்லாமல் பேஞ்சோ கதையைச் சொல்ல முடியாது.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. அதில் நாங்கள் ஒன்றாக இருந்தது மொத்தம் எவ்வளவு என்று ஒருநாள் டைப் அடித்துக்கொண்டே மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். இருபத்தொரு மாதம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், இரண்டு மாதமோ மூன்று மாதமோ இருப்பார், போய்விடுவார். நடுவில் யாராவது லீவில் வந்தால் கேசட்டில் பேசிப் பதிவு செய்து கொடுத்தனுப்புவார். அந்தக் கேசட்டை டேப் ரிக்கார்டரில் போட்டு வீட்டில் எல்லோருமாகச் சுற்றி உட்கார்ந்து கேட்போம். "அண்ணே, வாய்க்கா தண்ணி வந்துச்சா? மீனா, நல்லா படிக்கிறியா?" என்று ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே வருவார். கடைசியில் என் முறை. எல்லாருக்கும் நடுவில் வைத்து என்ன சொல்வார் பாவம். "நீயும் ஒடம்ப பாத்துக்க." அவ்வளவுதான். அந்த 'நீயும்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டுவேன். அவர் பேச்சுக்குப் பின்னால் மின்விசிறி சத்தமும் யாரோ வாத்தியம் வாசிக்கிற சத்தமும் கேட்கும். அது என்ன வாத்தியம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பதினாறாவது வருஷம் பங்குனியில், சொன்ன தேதிக்கு ஐந்து மாதம் முன்பாகவே வந்து நின்றார். வேலை செய்த இடத்தில் இரும்புத் தகடு ஒன்று சரிந்து இடது கைமேல் விழுந்திருக்கிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாதியோடு போய்விட்டன. நடுவிரல் இருந்தது, மடங்காது. கடிதத்திலும் எழுதவில்லை, கேசட்டிலும் சொல்லவில்லை. வாசலில் பெட்டியை வலது கையால் தூக்கிக்கொண்டு, இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடி நின்றார். மீனா, எங்கள் பெண், அப்போது எட்டாவது படித்தாள். கதவைத் திறந்தவள் உள்ளே ஓடிவந்து, "அம்மா, அவங்க வந்துருக்காங்க" என்றாள். அப்பா என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அந்த முதல் இரண்டு மாதத்தை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்குச் சிரிப்பாக இல்லை. காலை நாலு மணிக்கே எழுந்து, படுத்த விரிப்பை நாலு மூலையும் சேர்த்து மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். ஷார்ஜாவில் அவர்கள் தங்கியிருந்த கேம்ப்பில் நாலரைக்கு வேலைக்கு பஸ் வருமாம். சாப்பிட்ட தட்டை நான் எடுப்பதற்குள் ஒற்றைக் கையால் கழுவிக் கவிழ்த்துவிடுவார். "பேப்பர் படிச்சிட்டியா? நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்பார். நான் குளித்துவிட்டு வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அவ்வளவு மரியாதை. லாட்ஜில் தங்கியிருப்பவர்கூட லாட்ஜ்காரரிடம் கொஞ்சம் உரிமையாக இருப்பார். எனக்கு அவரிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. கை வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒருநாள் மதியம் மறந்துபோன சாவியை எடுக்க வீட்டுக்கு வந்தேன். உள்ளேயிருந்து ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்பக் கேட்டது. எட்டிப் பார்த்தால் கட்டிலில் அந்த மரப்பெட்டியை வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் கம்பியை மீட்டிக்கொண்டிருந்தார். இடது கை பெட்டிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. என்னைப் பார்த்ததும், திருடித் தின்றவர் மாதிரி துண்டை எடுத்து மூடினார்.

"என்னங்க இது?"

"பேஞ்சோ. அங்க நம்ம ஜமாலு கத்துக் குடுத்தான். வெள்ளிக்கெழம லீவுல வாசிப்போம்."

"ஏன் நிறுத்திட்டீங்க?"

அவர் கையைக் காட்டினார்.

அப்போது நான் பெட்டியைப் பார்த்தேன். வரிசை வரிசையாக வட்டக் கட்டைகள். "இது டைப்ரைட்டர் மாதிரியில்ல இருக்கு!" என்றேன். வேறொன்றும் யோசித்துச் சொல்லவில்லை. என் கண்ணுக்கு உலகத்தில் பாதிப் பொருள் டைப்ரைட்டர் மாதிரித்தான் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார்.

"நீ அமுத்து பாப்போம்."

நாற்பது வயதில் நான் கற்க ஆரம்பித்தது இப்படித்தான். அதற்கு முன் எனக்கும் சங்கீதத்துக்கும் உள்ள உறவு, பள்ளிக்கூடத்தில் கூட்டமாகப் பாடும்போது வாயை மட்டும் அசைத்தது.

இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை இன்ஸ்டிட்யூட்டில் வகுப்பு இருக்காது. வீட்டில் சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள் என்று எனக்குக் கூச்சம். பேஞ்சோவை மாடிக்குக் கொண்டுபோனோம். பெட்டிக்குள்ளேயே ரொம்ப நாள் கிடந்ததில் நாலைந்து கட்டைகள் அமுக்கினால் எழுந்து வராமல் ஒட்டிக்கொண்டன. அவர் டீ குடிக்கக் கீழே போயிருந்த நேரத்தில், டீச்சரம்மா நான் என்ன செய்தேன்? அலமாரியைத் திறந்து மெஷின் எண்ணெயை எடுத்து, எல்லாக் கட்டைக்கும் தாராளமாக விட்டுத் துடைத்து வைத்தேன். கட்டையெல்லாம் வெண்ணெய் மாதிரி ஏறி இறங்கியது. எனக்கு ஒரே பெருமை. அவர் வந்து மீட்டினார். எண்ணெய் கம்பிகளில் வழிந்து ஊறியிருந்தது. ஈரத் துணியைக் கொடியில் போட்டு அடித்த மாதிரி 'தொப்' என்று ஒரு சத்தம்.

"பரவால்ல" என்றார்.

இரண்டு நாள் பழைய வேட்டிக் கிழிசலை வைத்து ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டாத மனிதரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

ஒரு வழியாகப் பாடம் தொடங்கியது. டைப் மேஜைமேல் பேஞ்சோ. இடது பக்கம் நான், வலது பக்கம் அவர். நான் அமுக்க வேண்டும், அவர் மீட்ட வேண்டும். கட்டைகளில் எண்கள் எழுதியிருக்கும். மாணவர்கள் அடித்துப் போட்ட தாள்களின் பின்பக்கத்தில் எந்தக் கட்டைக்குப் பின் எந்தக் கட்டை என்று எண்ணாக எழுதிக் கொடுத்தார். எனக்கு அது போதும் என்று நினைத்தேன். வேகம்தான் என் தொழிலே. ஆனால் டைப்ரைட்டரில் கட்டையைத் தட்டியதும் விரலை எடுத்துவிட வேண்டும். பேஞ்சோவில் அடுத்த கட்டைக்குப் போகும்வரை அமுக்கியே வைத்திருக்க வேண்டும். இருபது வருஷப் பழக்கம் விடுமா? நான் தட்டித் தட்டி எடுப்பேன், சத்தம் பாதியில் செத்துப்போகும்.

"விடாத. புடிச்சிரு. அது பாடி முடிக்கட்டும்" என்பார்.

அதைவிடப் பெரிய தொல்லை, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் செய்வது. நான் அமுக்குவதற்கு முன்பே அவர் மீட்டிவிடுவார். இல்லாவிட்டால் அவர் இழுத்து மீட்டுகிற இடத்தில் நான் அடுத்த கட்டைக்குத் தாவியிருப்பேன். நான் மனசுக்குள் ஒன்று இரண்டு என்று எண்ணுகிறவள். அவர் எண்ணுவதே கிடையாது. "நீங்க எதை வச்சுத்தாங்க போறீங்க?" என்று கேட்டேன். "மூச்சு வச்சுன்னு நெனக்கிறேன்" என்றார். அப்புறம்தான் நான் அவர் மூச்சைக் கவனிக்க ஆரம்பித்தேன். மீட்டுவதற்குச் சற்று முன்னால் லேசாக இழுப்பார். அந்த இழுப்பில் நான் விரலை வைத்தால் சரியாக விழும். பதினாறு வருஷத்தில் அவர் எப்படி மூச்சு விடுகிறார் என்று நான் கவனித்தது அப்போதுதான்.

முதல் பாட்டுக்கு மூன்று வாரம் ஆனது. ஒரு பழைய சினிமாப் பாட்டு. பெயரைச் சொன்னால் நீங்கள் பாட ஆரம்பித்துவிடுவீர்கள், அதனால் சொல்லமாட்டேன். கீழே உரக்கடைக்காரர் ஒருநாள் படியில் நிறுத்தி, "மேல என்னம்மா, புது மிஷின் வந்துருக்கா? ஒரு மாதிரி சத்தம் கேக்குதே" என்று விசாரித்தார். "ஆமாங்க, சர்வீஸ் பண்ணணும்" என்று சொல்லித் தப்பித்தேன்.

பேச்சும் வந்தது. எல்லாம் கட்டையைப் பற்றிய பேச்சுதான். 'ஏழுல நில்லு', 'ஒன்பதுக்கு அவசரப்படாத', 'இப்ப நீங்கதான் முந்திட்டீங்க.' ஆனால் மாடியிறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அது வேறு பக்கமும் போகும். கேம்ப்பில் ஓர் அறையில் பத்துப் பேர் படுப்பார்கள் என்று அப்படி நடந்துபோகும்போதுதான் சொன்னார். விரல் போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஜமால்தான் என்பதையும் சொன்னார்.

அந்த ஜமால் ஐப்பசியில் லீவில் வந்தார். கூத்தாநல்லூர்க்காரர், என் வீட்டுக்காரரைவிட ஐந்தாறு வயது சின்னவர். தங்கைக்குக் கல்யாணம். "பேஞ்சோவையும் தூக்கிட்டு ரெண்டு நாள் முன்னாடியே வந்துருங்க அண்ணே" என்று ஃபோனில் சொல்லியிருந்தார். மன்னார்குடி போய் பஸ் மாறிப் போனோம். கல்யாண வீட்டில் ஆள் நிறைந்திருந்தது. எல்லாரும் மதியச் சாப்பாடு முடித்துக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்து, கூடத்தில் பாயை விரித்து எங்களை உட்காரவைத்துவிட்டார். உள் அறைத் திரைக்குப் பின்னால் பெண்களின் வளையல் சத்தம். ஒரு வாத்தியத்துக்கு இரண்டு பேர் உட்கார்ந்ததைப் பார்த்துத் திரைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வாசித்தோம். நடுவில் ஓரிடத்தில் நான் தடுக்கினேன், அவர் காத்திருந்து சேர்த்துக்கொண்டார். முடிந்ததும் சிரிப்பு இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து, "இன்னொருக்கா வாசிக்கச் சொல்லு" என்று ஒரு குரல் வந்தது.

ஜமாலுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. "அண்ணி, கட்டையெல்லாம் கரெக்ட்டுதான். ஆனா கவர்மெண்ட் லெட்டர் மாதிரி வாசிக்கிறீங்க. கொஞ்சம் அங்க இங்க கொழஞ்சாதான் பாட்டு" என்றார். பிறகு அதே மூச்சில், "வலது கையையும் இப்பவே கத்துக்கங்க. தையில அண்ணன் அங்க வந்துட்டாருன்னா நீங்க தனியா வாசிக்கணுமில்ல" என்றார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பேஞ்சோவைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். ஜமாலுக்கு அப்போதுதான் புரிந்தது. "ஐயையோ, இன்னும் சொல்லலையா அண்ணே?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

கல்யாணம் முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம். நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீரும் பச்சையுமாகக் கிடந்தது. மடியில் பேஞ்சோ. வெகுதூரம் வந்தபிறகு அவர் பேசினார்.

"ஸ்டோர்ல வேல. ஒத்தக் கை போதுமாம். ஜமாலு சொல்லி வச்சிருக்கான்."

"ம்."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"ம்" என்றேன் மறுபடியும். எத்தனையோ முறை அவரை வழியனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முறுக்கும் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டி, பெட்டிக்குக் கயிறு போட்டுக் கொடுத்து, வாசலில் நின்று கையசைத்திருக்கிறேன். அந்தக் காரியத்தில் நான் தேர்ந்தவள். அதனால் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளே வலது கைப் பாடத்தை ஆரம்பித்துவிட்டார். "நான் போனப்புறம் இது சும்மா கெடக்கக் கூடாது" என்றார். பிளாஸ்டிக் துண்டை எப்படிப் பிடிப்பது, மேலிருந்து கீழே ஒன்று, கீழிருந்து மேலே ஒன்று, மணிக்கட்டு மட்டும் ஆடவேண்டும், தோள் ஆடக்கூடாது. நான் பிடித்தேன். துண்டு நழுவி விழுந்தது. கம்பியில் சிக்கியது. கீழே போக வேண்டிய இடத்தில் மேலே போனது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். வெளியே அடைமழை. அவர் சலிக்காமல், "மறுபடி" என்பார். நான் மறுபடி கெடுப்பேன். "இடது கை அவ்வளவு சீக்கிரம் வந்துச்சு. வலது கை ஏன் இப்புடி?" என்று அவரே வியந்துகொள்வார்.

உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. எனக்கு வலது கை பத்தே நாளில் வந்துவிட்டது. அவர் காலையில் தன் அண்ணனுக்கு ஒத்தாசையாக வயலுக்குப் போவார். பேஞ்சோவைத் தினமும் சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவோம்; அந்த நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு முழுப் பாட்டையும் இரண்டு கையாலும் வாசிப்பேன். கூச்சமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. தனியாக ஒரு பாட்டு தன் கையிலிருந்தே முழுசாக வருவது எப்படி இருக்கும் என்று கற்றவர்களுக்குத்தான் தெரியும். மதியம் அவர் முன்னால் உட்கார்ந்ததும் கை மக்காகிவிடும். முதல் நாள் அதுவாகத்தான் தப்பு வந்தது. 'வரலன்னா வரலதான், தை வரைக்கும் பாப்போம்' என்று அவர் சொன்னார் பாருங்கள், அதற்குப் பிறகு நானாகவே தப்பை வரவழைத்தேன். ஒழுங்காக வாசிப்பதைவிட நம்பும்படியாகத் தப்பு செய்வது கஷ்டம். ஒரே இடத்தில் தினமும் தடுக்கினால் சந்தேகம் வரும்.

மார்கழியில் மீனாவுக்கு அரைப்பரீட்சை. மதியமே விட்டுவிடுவார்கள், மாடிக்கு வந்து ஒரு மெஷினில் தன் பெயரைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கு நல்ல மழை. நான் வழக்கம்போல நாலாவது வரியில் துண்டை நழுவவிட்டேன்.

"காலையில நல்லாத்தானேம்மா வாசிச்ச?" என்றாள் மீனா, தலையைத் தூக்காமல்.

அவர் திரும்பினார். "காலையிலயா?"

"நீங்க வயலுக்குப் போனப்புறம் தெனமும் வாசிக்கிறாங்களே. முழுப் பாட்டும். ஒரு தப்பு இருக்காதுப்பா."

அப்பா என்று அவள் அவரை அழைத்தது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில் நாங்கள் இருவருமே அதைக் கவனிக்கவில்லை. படுக்கும்போது ஞாபகம் வந்துதான் ஆச்சரியப்பட்டோம்.

"மீனா, கீழ போயி மூணு டீ சொல்லிட்டு வாம்மா" என்றார். அவள் படியிறங்குகிற சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். நான் பேஞ்சோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டிக்கொண்ட மாணவி மாதிரி முகத்தைத் தூக்க முடியவில்லை.

"வரலையா, வர விடலையா?" என்று கேட்டார்.

"வந்துருச்சுன்னா நீங்க கெளம்பிருவீங்க."

சொல்லிவிட்டேன். சொன்னது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அவர் அரைகுறை விரல்களை வலது கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"பதினாறு வருஷத்துல ஒரு தடவகூட போவாதீங்கன்னு நீ சொன்னதில்லையே."

"போகட்டுமான்னு நீங்க கேட்டதில்லையே."

"அப்புடி இல்ல. நீ வீடு, பொண்ணு, இன்ஸ்டிட்யூட்டு எல்லாத்தையும் ஒத்த ஆளா பாத்துக்குற. இங்க எனக்கு எடமே தெரியல. ஒனக்கு எடஞ்சலா இருக்கோம்னு நெனச்சேன். அதான் ஜமாலுகிட்ட நானாதான் கேட்டேன், எதாவது வேல பாருன்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் தட்டைக் கழுவியதும், நாலு மணிக்கு விரிப்பை மடித்து வைத்ததும், நான் வந்தால் எழுந்து போனதும், நான் தொந்தரவு படக்கூடாது என்றா? நானோ, இவருக்கு இந்த வீடு பிடிக்கவில்லை, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எடஞ்சல் எல்லாம் இல்ல" என்றேன். மீனா டீயோடு வந்துவிட்டாள். டீயைக் குடித்தோம். அவர் டம்ளரை வைத்துவிட்டு, பிளாஸ்டிக் துண்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "சரி, நீ எப்பவும்போல அந்தப் பக்கமே ஒக்காரு" என்றார். நான் எழுந்து இடது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

இருக்கிறேன் என்றோ போகிறேன் என்றோ அவர் உடனே சொல்லிவிடவில்லை. மூன்று நாள் கழித்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்விட்டு நனைந்துகொண்டு வந்தார். தலையைத் துவட்டிக்கொண்டே, "ஜமாலுகிட்ட பேசிட்டேன். வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன்" என்றார். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அடுத்ததாக, "என்ன கொழம்பு இன்னிக்கு?" என்று கேட்டார். வந்த நாளிலிருந்து போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தவர், என்ன குழம்பு என்று கேட்டது அன்றைக்குத்தான். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு என்று சொன்னேன். முகத்தைச் சுளித்தார். அவருக்குக் கத்திரிக்காய் பிடிக்காது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்!

அதன்பிறகு அவர் எங்கும் போகவில்லை. அண்ணனோடு சேர்ந்து சாகுபடி செய்தார். வருஷா வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வருமா வராதா என்ற கவலை எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. வயலில் வேலை இல்லாத நாட்களில் இன்ஸ்டிட்யூட்டில் ஜெராக்ஸ் மெஷின் ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டார். மிச்சமிருந்த விரல்களாலேயே கட்டையை அமுக்கவும் பழகிக்கொண்டார். எனக்கும் வலது கை ஒளிவுமறைவில்லாமல் வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு பேஞ்சோ வாங்கலாம் என்று ஜமால் அடுத்த லீவில் வந்தபோது சொன்னார். நாங்கள் வாங்கவில்லை.

இன்ஸ்டிட்யூட் இருந்த மாடியில் இப்போது மொபைல் ரிப்பேர் கடை. ஆறு மெஷின்களையும் பழைய இரும்புக்காரர் ஒரே தடவையில் ஏற்றிக்கொண்டு போனார். கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன, போட்டுக் கேட்க மெஷினும் இல்லை. ஜமால் மகனோடு மலேசியாவில் இருக்கிறார். வீடியோவில் பேசும்போது, தலை முழுக்க நரைத்த ஒருவர் என்னை அண்ணி என்று கூப்பிடுகிறார். பேஞ்சோ, எங்கள் வீட்டுக் கூரையே பறந்த ஒரு புயலில் ராத்திரி முழுக்க நனைந்தது. மரம் உப்பிக் கட்டைகளெல்லாம் பல் ஆடுவது மாதிரி ஆடின. வெயிலில் வைத்துப் பார்த்தேன். "விடு, அது நல்லா பாடிட்டுப் போயிருக்கு" என்றார் அவர். மீனா ஊரில் இல்லை. நாங்கள் பேஞ்சோ வாசித்தவர்கள் என்று அவள் பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவதில்லை.

இதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. பொருள் என்றால் ஒருநாள் போகத்தான் செய்யும். ஆனால் எப்போதாவது ஒரு மனிதரைத் தேடுகிறேன். அந்த வருஷம் மாடியில் என் வலது பக்கம் உட்கார்ந்திருந்தவர். என் முழங்கை பட்டால் தன் கையை நகர்த்திக்கொண்டவர். நாற்பது வயதுப் பெண்பிள்ளையை, அடுத்த மூச்சு எப்போது இழுப்பார் என்று காத்திருக்க வைத்தவர். அவரைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன், தெரிந்துகொண்டேன், அத்தோடு அவர் போய்விட்டார். அவர் இருந்த இடத்தில் இப்போது, கத்திரிக்காய் சமைத்தால் சண்டை போடுகிற, டிவி சத்தத்தைக் குறைக்காத, சர்க்கரை மாத்திரையைத் தேடிக்கொடு என்று கூடத்திலிருந்தே கத்துகிற ஒருவர் இருக்கிறார். நேற்று மதியம் சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், பக்கத்தில் துண்டு இருந்தும், பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் முந்தானையை எடுத்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்த பேப்பரையும் உருவிக்கொண்டு போனார்.